முதல் வகுப்பில் தேறிய பூங்காவனம்

செப்டம்பர் 28

காலையில் பால் அடிப்பிடித்துவிட்டது. இந்த நோட்டில் நேற்றைய பக்கத்தை முடிக்க உட்கார்ந்தவள், கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். வீட்டில் நான் ஒருத்தி, பால் அரை லிட்டர். அதைக்கூட மேற்பார்வை செய்யத் தெரியவில்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குக் ‘குற்றமும் சமூகக் கட்டுப்பாடும்’ தாள். அரசு கை கழுவிய இடத்தில் சந்தை கையுறை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது என்றேன். எனக்கே பிடித்திருந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி குனிந்து அதைக் குறித்துக்கொள்வதாக நினைத்தேன். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

என் பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். ஆங்கிலத்தில் வெறும் கெஸ்ட். பதினான்கு ஆண்டுகளாக விருந்தாளி. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக அழைக்கப்படுகிறேன். தமிழில் கௌரவத்தைச் சேர்த்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். குடியிருக்கும் பிளாட்டும் தம்பியுடையது. அவன் டொரன்டோவில் இருக்கிறான். நான் பழைய மகாபலிபுரம் சாலையில் அவனுடைய சோபாக்களுக்குக் காவல்.

மாலையில், அடுக்ககத்துக்கு வந்துபோகிறவர்களைப் பதியும் கேட் ஆப்பிலிருந்து ஒரு செய்தி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. ‘உங்கள் பணியாளர் பூங்காவனத்தை மதிப்பிடுங்கள்.’ இதுவரை கண்டுகொண்டதில்லை. இன்று ஒரு ஆசிரியைக்குரிய பொறுப்போடு யோசித்தேன். நாணயமானவள். சுத்தமாகப் பெருக்குவாள். செவ்வாய்க்கிழமை தாமதமாக வருவாள். பால் குண்டானின் அடி எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது, சரியாகத் தேய்ப்பதில்லை. ஐந்துக்கு ஐந்து யாருக்கும் தரக்கூடாது என்பது என் கொள்கை. நான்கு கொடுத்தால் மேலே வளர இடமில்லை. ஆகவே மூன்று. அறுபது சதவீதம்; எங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் முதல் வகுப்பு. மனநிறைவோடு அழுத்தினேன்.

செப்டம்பர் 30

மழை. துணி காயவில்லை. விடைத்தாள்களும் திருத்தி முடியவில்லை.

அக்டோபர் 3

பூங்காவனம் வரவில்லை, போன்தான் வந்தது. கேட்டில் நிற்கிறாளாம். கீழே இறங்கிப் போனேன்.

வாசல் காவலர் தணிகாசலம் கையிலிருக்கும் கருவியைக் காட்டினார். பூங்காவனத்தின் நுழைவு அட்டையை வைத்தால் சிவப்பு எரிகிறது. சிவப்பு எரிந்தவரை உள்ளே விட்டால், காவலையும் வேலையாட்களையும் கவனிக்கும் ஏஜென்சி அவருடைய அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும். அவரையும் அதே ஆப்பில் யாரோ மதிப்பிடுகிறார்களாம். தப்பா நெனைக்காதீங்க மேடம் என்று அவர் மன்னிப்புக் கேட்ட பணிவில் நானும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எதற்கென்று தெரியவில்லை.

“ஸ்டாரு கொறஞ்சி பூட்ச்சாம் டீச்சர்,” என்றாள் பூங்காவனம். “நா இன்னா வானத்துலயா கீறேன்?”

நான் அவளை ‘நீங்க’ என்கிறேன். அது கொள்கை. அவள் என்னை ‘நீ’ என்கிறாள். அது சென்னை.

அவளுக்கு எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீடு, பக்கத்து அடுக்ககத்தில் இரண்டு வீடு. இரண்டுக்கும் ஒரே ஏஜென்சி, ஒரே ஆப். ஆறு வீடும் ஒரே காலையில் சிவப்பு. ஏற்கெனவே ஒருமுறை குடிசை இடிக்கப்பட்டு, கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு லாரியில் ஏற்றிவிடப்பட்டு, பழைய வீடுகளின் வேலையை எல்லாம் இழந்தவள். புருஷன் இல்லை. மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஆறு அடுப்படிகளை நம்பித்தான்.

“நீ படிச்சவ. போய்ச் சொல்லு,” என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 4

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். இரண்டு வருடமாக அந்தக் குழுவில் வாய் திறக்காதவள் நான். ஒரேயடியாக ஒன்றரைப் பக்கம். இயற்கை நீதி, விளக்கம் கேட்காத தண்டனை, நீதிபதி இல்லாத நீதிமன்றம். முடிவில், ‘ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்பை விரல் நுனியால் நசுக்கிய அந்த முகமற்ற மனிதர் யார்? மனசாட்சி இருந்தால் முன்வந்து பேசட்டும்’ என்று கேட்டிருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் ‘மனிதர்’ என்பதை ‘நபர்’ என்று மாற்றினேன். பெண்ணாகவும் இருக்கலாம் அல்லவா.

இரவு வரை இரண்டு கட்டைவிரல், ஒரு கும்பிடு.

அக்டோபர் 5

முகமற்ற நபர் முன்வரவில்லை. குழுவில் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்தன.

எதிர் வீட்டு கமலவேணி வந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்காவனம் அவர் வீட்டிலும் வேலை செய்கிறாள். உட்காரவே இல்லை; வாசலில் நின்றபடி குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்கு இரக்க சுபாவம், அரசி. எங்க வீட்டு வெள்ளிக் குங்குமச் சிமிழக் காணோம், தெரியுமோ?”

என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அதை முழுதாகச் சொல்லும் பொறுமை இந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.

சிமிழ் எப்போதிலிருந்து காணோம் என்று கேட்டேன். நேற்றுத்தான் தேடிப் பார்த்தாராம். ஏன் தேடினீர்கள் என்றேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களே, ஏதோ இருக்கத்தானே செய்யும் என்றார். மாலைக்குள் இன்னொரு வீட்டில் ஒரு இட்லித் தட்டும், மூன்றாவது வீட்டில் ஒரு குடையும் காணாமல் போயிருந்தன. தண்டனை முதலில் வந்துவிட்டது. குற்றத்தை இப்போது வீடு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் சொல்ல நல்ல வாக்கியம், குறித்துக்கொண்டேன்.

நானும் ஒருமுறை பீரோவைத் திறந்து பார்த்தேன் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. தலையில் இருந்தது.

அக்டோபர் 7

சங்கச் செயலாளர் ஆதிமூலத்தைப் போய்ப் பார்த்தேன். காப்பீட்டுத் துறையில் இருந்தவர், எதற்கும் பதறாதவர். நான் தயார் செய்து போயிருந்த குறிப்புகளை முழுக்கக் கேட்டார்.

“நாங்க யாரையும் தண்டிக்கல மேடம்,” என்றார். “திருடின்னு சொன்னோமா? சொல்லல. சராசரி மூன்றரைக்குக் கீழ போனா பாஸ் தானா நின்னுடும். ஏஜென்சி அப்படித்தான் செட் பண்ணியிருக்கு. மனுஷன் முடிவு பண்ணினாத்தானே பாரபட்சம் வரும்?”

யாரோ ஒருவர் வேண்டுமென்றே ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார் என்று வாதாடினேன். அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். பெயர் வராது, எண் மட்டும்தான் வரும் என்றார்.

மதிப்பீடு செய்தவர்: 1. சராசரி: 3.0.

மற்ற வீட்டுக்காரர்கள் யாரும் போடவில்லையா என்று கேட்டேன். இதையெல்லாம் யார் மேடம் மெனக்கெட்டுப் போடுவாங்க என்றார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். இன்று எழுத வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8

பாத்திரம் நானே தேய்த்தேன். குண்டானின் அடி கம்பி நாருக்கும் அசையவில்லை.

அக்டோபர் 9

சரி, எழுதிவிடுகிறேன். முகமற்ற நபருக்கு முகம் இருக்கிறது. பல் துலக்கும்போது பார்த்தேன்.

போட்ட மதிப்பெண்ணைத் திருத்த ஆப் அனுமதிப்பதில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க எங்கள் பல்கலைக்கழகத்தில்கூட வழி உண்டு. அடுத்த வாய்ப்பு டிசம்பர் கடைசியில். ஆனால் பூங்காவனம் வேலை செய்யும் மற்ற வீடுகளில் ஒன்று ஐந்து போட்டால் போதும், சராசரி நான்காகிவிடும். ஒரே ஒருவர். எனவே கமலவேணியின் வீட்டு மணியை அடித்தேன். பிறர் வீட்டு மணியை அடிப்பது எனக்கு விடைத்தாள் திருத்துவதைவிடக் கொடுமையானது.

நடந்ததைச் சொன்னேன். மூன்று என்பது கெட்ட மதிப்பெண் அல்ல, அது முதல் வகுப்பு என்று விளக்கினேன். விரல் மடக்கிச் சதவீதம்கூடக் காட்டினேன்.

கமலவேணி என் தோளைத் தட்டினார்.

“நீங்க சும்மா மூணு போடமாட்டீங்க, அரசி. எதையோ பாத்திருக்கீங்க. பாவம், காட்டிக்குடுக்க மனசில்ல.”

ஆக, என் நேர்மைதான் பூங்காவனத்துக்கு எதிரான முதல் சாட்சி. நான் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டது இரண்டாவது சாட்சியானது.

பூங்காவனத்துக்குப் போன் செய்தேன். முயற்சி நடக்கிறது என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை. அவள் பேசியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அக்டோபர் 10

ஒரு வழி கிடைத்தது. ஆப்பில் ‘விருந்தினர்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெயரும் போன் எண்ணும் போட்டு அழைத்தால் அன்று ஒரு நாளைக்கு நான்கு இலக்க எண் வரும். அதற்கு அட்டை வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். விருந்தாளியை யாரும் மதிப்பிடுவதில்லை. கல்லூரி நிர்வாகத்துக்கு இது தெரியாமல் இருக்க வேண்டும்.

காலையில் எண் அனுப்பினேன். பூங்காவனம் வேலைக்காரர்களின் பின்பக்க லிப்டை விட்டு, முன்பக்க லிப்டில் ஏறி வந்தாள். ஏஜென்சி விதிப்படி தணிகாசலம் வேலைக்கா விருந்துக்கா என்று கேட்டாராம்.

“விருந்துக்குத்தான்னு சொல்லிட்டேன்,” என்று சேலையைச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். “சலாம் வேற வெச்சான் டீச்சர். இத்தினி வருசத்துல மொத சலாம்.”

வெகுநேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்வதற்கு நல்ல தருணம். மாவு பொங்கியிருந்ததால் அதைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 11

கமலவேணி வீட்டில் கொலு. சுண்டல் வாங்கப் போனேன். நடுப்படியில் மரப்பாச்சிகளுக்கு முன்னால் வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது. பொம்மைப் பெட்டிக்குள்ளேயே கிடந்ததாம், போன வருடம் வைத்தது.

அப்படியானால் பூங்காவனத்துக்கு ஐந்து போடலாமே என்றேன்.

“சிமிழ் கெடச்சிடுத்து, சரி,” என்றார். “ஆனா யோசிச்சுப் பாத்தா, ஒரு குத்துவிளக்குத் திரியும் கொறையறாப்ல இருக்கு.”

சுண்டலில் உப்பு சரியாக இருந்தது. மூன்றரை தரலாம்.

அக்டோபர் 15

தினமும் காலையில் எழுந்ததும் பூங்காவனத்தை விருந்துக்கு அழைக்கிறேன். பழகிவிட்டது. மற்ற ஐந்து வீடுகளும் அவளைக் கூப்பிடவில்லை. என் ஒரு வீட்டுச் சம்பளத்தை உயர்த்தித் தருகிறேன் என்றேன். வேலைக்குத் தக்க கூலி போதும் என்று மறுத்துவிட்டாள். மகள் இந்தப் பருவம் கல்லூரியை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறாளாம். அதைச் சொல்லும்போது பூங்காவனத்தின் கை பாத்திரத்தில்தான் இருந்தது, கண் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

அக்டோபர் 22

இன்றைய நாளைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். முடியாது.

மாதிரித் தேர்வு. தேர்வறைக் கண்காணிப்புக்கு விடியற்காலையிலேயே கிளம்பினேன். அறைக்குள் போன் கூடாது, அணைத்து அலமாரியில் வைத்தேன். மாணவிகள் காப்பி அடிக்கிறார்களா என்று மூன்று மணி நேரம் காவல் காத்தேன். வெளியே நல்ல மழை. பூங்காவனத்துக்கு எண் அனுப்பவில்லை என்பது அலமாரியைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

கேட்டுக்கு வெளியே நிழற்குடை கிடையாது. விருந்தினர்கள் காரில் வருவார்கள் என்று கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள். தணிகாசலம் தன் குடையைக் கொடுத்திருக்கிறார், உள்ளே விட முடியவில்லை. நான் திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டேன். நீ கூப்புடுவன்னு இருந்தேன் என்றாள்.

மேலே அழைத்துவந்து துண்டு கொடுத்தேன், காபி போட்டேன். பூங்காவனம், ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன்.

“மூணு போட்டது நீதான?”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மூணுன்னு தணிகாசலம் விசாரிச்சி சொன்னான். மத்த வூட்ல எவ ஸ்டாரு போடப் போறா? அதுங்களுக்கு என் முழுப்பேரே தெரியாது. நீதான் எத்த குடுத்தாலும் ஒயுங்கா செய்யிறவ.” காபியை ஆற்றினாள். “முயற்சி நடக்குதுன்னு நீ போன் பண்ண அன்னிக்கே தெரியும். நீயே சொல்லுவன்னு பாத்தேன்.”

அறுபது சதவீதம், முதல் வகுப்பு என்று அவளுக்கும் விளக்கினேன். வேறு எதுவும் என் கையில் இல்லை.

“சந்தோசம்,” என்றாள். “மீதி ரெண்டு எங்க போச்சி? இன்னா தப்பு கண்ட, அத்த மட்டும் சொல்லு.”

பால் குண்டானின் அடி என்றேன். செவ்வாய்க்கிழமையைச் சொல்லத் துணிவில்லை.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருக்கலாம்.

“மூணு வருசமா வர்றேன். குண்டான் அடி போவலன்னு ஒரு நாளு வாயத் தொறந்து என்கிட்ட சொன்னியா? போன்கிட்ட சொல்லிக்கீற.”

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எனக்கு விருந்தாளியா வர வேணாம் டீச்சர். வேலைக்காரியா வரணும். விருந்தாளின்னா நீ கூப்ட்டாதான வர முடியும்?”

ஜூன் மாதத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் என் பெயரைத் தேடி நிற்பது ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஒப்பிட்டுக்கொள்வதற்கும் ஒரு வெட்கம் வேண்டும். அவள் நனைந்த நேரத்தில் நான் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.

அக்டோபர் 23

எண் அனுப்பினேன். வரவில்லை.

அக்டோபர் 24

அனுப்பினேன். வரவில்லை.

நவம்பர் 1

தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. கட்டடம் முழுக்க வேலையாட்களுக்குப் பஞ்சம். ஏஜென்சி அனுப்பிய ஐந்து நட்சத்திரப் பெண்மணி, கமலவேணியின் பரணைப் பார்த்துவிட்டு மறுநாளே நின்றுவிட்டாராம்.

மாலையில் கமலவேணி வந்தார். இன்று உட்கார்ந்தார். வானிலை, முறுக்கு, மூட்டு வலி எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“உங்க கெஸ்ட் ஒருத்தி வருவாளே, அரசி. அவள எங்க வீட்டுக்கும் ரெண்டு நாள் அனுப்பினா தேவல.”

குத்துவிளக்குத் திரி கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். பெரியவர்கள் பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். பெரியவர் என்றது தன்னையா, என்னையா தெரியவில்லை.

என் வாழ்நாளில் நான் பேரம் பேசியதில்லை. கீரைக்காரியிடம்கூட. இன்று பேசினேன். என் வீட்டு விருந்தாளியை நான் யார் வீட்டுக்கும் அனுப்ப முடியாது. பூங்காவனம் தன் அட்டையோடு வந்தால் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். அட்டை பச்சை ஆக உங்கள் போனில் ஐந்து நட்சத்திரம் வேண்டும். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

“இவ்வளவுதானா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்றார். முதலிலேயே சொன்னதை நினைவுபடுத்தவில்லை.

மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டார். ஐந்தையும் நானே அழுத்தினேன். ஐந்துக்கு ஐந்து.

நீதி நிலைநாட்டப்பட்டது என்று எழுத ஆசை. பரண் அழுக்காக இருந்தது என்பதுதான் உண்மை.

நவம்பர் 3

பூங்காவனத்தின் அட்டை பச்சை. தணிகாசலம் போன் செய்து சொன்னார். இன்று சலாம் கிடையாதாம், பின்பக்க லிப்ட்தானாம்.

பக்கத்து அடுக்ககத்தின் இரண்டு வீடுகளிலும் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அது போனது போனதுதான்.

பூங்காவனம் மேலே வந்தாள். பெருக்கினாள், துடைத்தாள், போனாள். மகள் கல்லூரிக்குப் போகிறாளா என்று கேட்டேன். போவுது என்றாள்.

நவம்பர் 10

தீபாவளி முடிந்த கையோடு கமலவேணி வீட்டு வேலையைப் பூங்காவனம் விட்டுவிட்டாள். பரண் சுத்தமாகிவிட்டது, சிமிழைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். கமலவேணி இது என் தூண்டுதல் என்று நினைக்கிறார். லிப்டில் பேசுவதில்லை. பெரிய இழப்பு என்று சொல்ல முடியாது.

டிசம்பர் 28

காலையிலேயே ஆப் கூப்பிட்டது. ‘உங்கள் பணியாளர் பூங்காவனத்தை மதிப்பிடுங்கள்.’

ஐந்து அழுத்தினேன். தணிகாசலத்துக்கும் ஐந்து. மின்தூக்கி பராமரிப்பாளர், தோட்டக்காரர், முகம் தெரியாத பூச்சிமருந்துக்காரர் எல்லோருக்கும் ஐந்து. என் மாணவிகளின் காதில் இது விழக் கூடாது.

பிறகு சமையலறைக்குப் போனேன். பூங்காவனம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பால் குண்டானின் அடி கறுப்பாகத்தான் இருந்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் வகுப்பெடுக்கப் போனபோதுகூட இவ்வளவு படபடப்பு இல்லை.

பூங்காவனம், அந்தக் குண்டானின் அடி இன்னும் போகவில்லை என்றேன்.

அவள் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

“அப்பாடா. சொல்லிட்ட,” என்றாள். “இப்ப நா சொல்றேன் கேட்டுக்க. நீ பால அடுப்புல வெச்சிட்டு, அந்த நோட்டாண்ட போய்க் குந்திக்கிற. தெனமும் அது கருவுது. தெனமும் நா சொரண்றேன். என் நகம்தான் போச்சி, கறுப்பு போவல.”

இதை ஏன் மூன்று வருடமாக என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ அத்தயும் எய்தி வெச்சிக்குவ,” என்றாள். “மறுபடி பால் கருவும்.”

மதியத்திலிருந்து இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் 28 முதல் வரியிலேயே எல்லாம் இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

நாலு மணி ஆகிவிட்டது. இத்தோடு நிறுத்துகிறேன். அடுப்பில் பால் இருக்கிறது.